எண்ணுணர்வும் காட்சிக் கருவிகளும்

எண்ணுணர்வு என்பது ஓர் எண்ணைக் கேட்டவுடன் அது எவ்வளவு என்பதை மனக்கண்ணில் காணவும், அதைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்கவும் இயலும் திறன் ஆகும். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது வேறு, இது வேறு. நான்கு வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை தடங்கலின்றிச் சொல்லும்; "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தரும். வீட்டார் ஒப்பித்தலைக் கேட்டு மகிழ்ந்துவிடுவதால் இந்த இடைவெளி சில குழந்தைகளிடம் மூன்றாம் வகுப்பு வரைகூடக் கண்ணில் படுவதில்லை. அப்போதும் அக்குழந்தை 8+6 என்பதற்கு ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்கும். கடன் வாங்கிக் கழித்தல் வந்ததும், கணக்கு தனக்கு வராது என்று தானே முடிவு செய்துவிடும்.

எண்ணுதலில் அடங்கியவை

ரோச்செல் கெல்மன், காலிஸ்டெல் ஆகிய உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுதலுக்கு அடிப்படையான ஐந்து நெறிகளை வகுத்தனர். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டுமே என்பதும், பெயர்களின் வரிசை மாறாது என்பதும் எளிதில் பிடிபடும். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்பதுதான் கடினமானது. ஐந்து பொத்தான்களை எண்ணி முடித்த குழந்தையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்குவது இதனால்தான். ஜீன் பியாஜே காட்டிய மற்றொரு தடையும் உண்டு. சமமான இரு வரிசைகளில் ஒன்றை மட்டும் அகலப்படுத்தி வைத்தால், நீண்ட வரிசையில்தான் அதிகம் இருப்பதாகச் சிறு குழந்தைகள் சொல்வர்.

எண்ணாமலே அறிதல்

ஆங்கிலேயப் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் அவரை விதைகளை ஒரு பெட்டிக்குள் எறிந்து, விழுந்தவை எத்தனை என்று பார்த்த கணமே சொல்லும் சோதனையைத் தம்மிடமே ஆயிரம் முறைக்கு மேல் செய்து, 1871-இல் நேச்சர் இதழில் எழுதினார். மூன்று, நான்கு விதைகள் வரை அவர் தவறவில்லை; ஐந்தில் தவறு தொடங்கியது. மனிதக் கண் எண்ணாமல் பிடிக்கும் அளவு ஏறத்தாழ நான்கு என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு" என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆடும் பாட்டி எந்தக் குழியையும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கைக் கண்டதும் கை போய்விடும்.

நான்கிற்கு மேற்பட்டவற்றைக் கண் பிடிக்க வேண்டுமானால் அவற்றைக் குழுவாக அமைத்துக் காட்ட வேண்டும். நல்ல காட்சிக் கருவிகள் செய்யும் வேலை இதுவே.

பத்துக் கட்டம்

ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை கொண்டது பத்துக் கட்டம். மேல் வரிசையை இடமிருந்து வலமாக நிரப்பிய பிறகே கீழ் வரிசைக்கு வர வேண்டும். ஏழு காய்களை வைத்தால் ஐந்தும் இரண்டும் தெரிவதோடு, பத்துக்கு மூன்று குறைவு என்பதும் தெரிகிறது. காலி இடங்களும் பாடம் சொல்கின்றன என்பதே இதன் சிறப்பு. 8+6 என்பதை இரு கட்டங்களில் வைத்தால், இரண்டாவதிலிருந்து இரண்டை நகர்த்தி முதலாவதை நிரப்பக் குழந்தைக்குத் தானாகவே தோன்றும். விடை பத்தும் நான்கும். பதினான்கு என்ற சொல்லிலேயே அது ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் லெவன், டுவெல்வ் போன்ற பெயர்களில் இந்த உதவி இல்லை. (தமிழிலும் தொண்ணூறு மட்டும் நூறைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு குழப்பும். ஒன்பது பத்துக் கட்டங்களை அடுக்கிக் காட்டுவது அதற்கு மருந்து.)

இதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. முப்பது முட்டை வைக்கும் காகித அட்டையில் ஐந்து குழிகள் கொண்ட ஆறு வரிசைகள் இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று பத்துக் கட்டங்கள் கிடைக்கும். தாயம் ஆடுவதற்குச் செய்வது போலப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கினால் அதுவே இருநிறக் காய். ஐந்து கொட்டைகளை உருட்டினால் ஒருமுறை மூன்று வெள்ளை, இரண்டு பழுப்பு. மறுமுறை நான்கும் ஒன்றும். ஐந்து எப்படியெல்லாம் பிரியும் என்பது விளையாட்டிலேயே வந்துவிடும்.

பிற கருவிகளும் தவறுகளும்

ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை என மாறி மாறிக் கோத்த இருபது மணிச்சரமும் இதே வேலையைச் செய்யும். விரல்கள் இயற்கை தந்த பத்துக் கட்டம். விரல் விட்டு எண்ணும் குழந்தையைக் கடிந்துகொள்வது சரியன்று. ஏழைக் காட்டும்போது ஒரு கையை முழுதாகவும் மறு கையில் இரண்டு விரல்களையும் ஒரே நேரத்தில் நீட்டப் பழக்கினால் போதும்.

வகுப்பறைச் சுவர்களில் அதிகம் காணப்படும் 1 முதல் 100 வரையிலான எண் அட்டவணை வரிசையைக் கற்பிக்குமே தவிர அளவைக் காட்டாது. அதில் 1-க்கும் 100-க்கும் ஒரே அளவுக் கட்டம்தான். எண்கோட்டில் தாவும்போது நிற்கும் இடத்தையே "ஒன்று" என்று எண்ணிவிடுவது பொதுவான பிழை. புள்ளி அட்டைகளில் ஐந்தை எப்போதும் பகடையில் உள்ளது போலவே வரைந்தால், குழந்தை அந்த உருவத்துக்கு "ஐந்து" என்று பெயர் வைத்துக்கொள்ளும். அமைப்பை மாற்றினால் திணறும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் செயல்வழிக் கற்றலை முன்வைக்கிறது. ஆயினும் கருவி கையில் இருப்பதால் மட்டும் பயன் வராது. அதை எப்போது மறைப்பது என்பதும் தெரிய வேண்டும். பத்துக் கட்டத்தை இரண்டு நொடி காட்டித் துணியால் மூடி, "எத்தனை இருந்தன? எப்படித் தெரிந்தது?" என்று கேட்கலாம். "ஒன்றுதான் காலியாக இருந்தது, அதனால் ஒன்பது" என்று ஒரு குழந்தை சொன்னால், அட்டை இனி அதன் மனத்துக்குள் இருக்கிறது. சொல்லத் தெரியாத குழந்தைக்குத் துணியை மீண்டும் விலக்கிக் காட்டலாம், அவசரம் எதுவுமில்லை.