ஆமை வேகம், அவசர வேலை!

இரவு மணி 11. ஊர் தூங்குகிறது. நெடுஞ்சாலையில் மட்டும் வெளிச்சம். சிவப்புக் கொடி கட்டிய கம்புகள் வரிசையாக நிற்கின்றன. தார் வாடை மூக்கைத் துளைக்கிறது.

சாலையின் ஒரு பாதியில் பஸ்களும் லாரிகளும் காத்துக் கிடக்கின்றன. மறு பாதியில் ஒரு ரோடு ரோலர் போகிறது, திரும்பி வருகிறது. மறுபடியும் போகிறது, மறுபடியும் வருகிறது.

பஸ்ஸில் இருப்பவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "உட்கார்ந்த இடத்திலேயே வேலை. ஆடி அசைந்து போகிறார், பாருங்கள்!" என்று ஒருவர் முணுமுணுக்கிறார்.

உண்மை என்ன தெரியுமா? அந்த இடத்தில் எல்லோரையும்விட அவசரத்தில் இருப்பவர் அந்த ரோலர் டிரைவர்தான்!

பாகு ஆறுவதற்குள்...

பொரி உருண்டை பிடிக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். வெல்லப் பாகு சூடாக இருக்கும்போதே பொரியைப் போட்டு உருண்டை பிடிக்க வேண்டும். கை சுடுகிறதே என்று நின்றால், பாகு இறுகிவிடும். பொரி ஒட்டாது, உதிர்ந்துபோகும்.

தார்ச்சாலையும் அப்படித்தான்.

ஜல்லியையும் கல்தூளையும் சூடாக்கி, உருகிய தாருடன் சேர்த்துக் கலவை செய்கிறார்கள். சூடு ஆறாமல் இருக்க, லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவருகிறார்கள். சாலையில் கொட்டி விரிக்கும்போது அதன் சூடு சுமார் 140 டிகிரி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அப்படியானால் இந்தச் சூடு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

விரித்தவுடன் கலவை ஆறத் தொடங்கும். சூடு மிகவும் குறைந்துபோனால் தார் இறுகிவிடும். அதன்பிறகு எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் கலவை சரியாகப் படியாது. அடுக்கு மெல்லியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறும். குளிர்ந்த காற்று வீசினால் கேட்கவே வேண்டாம்.

எனவே டிரைவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஆனால், வேகமாகவும் ஓட்டக் கூடாது!

ஏன் மெதுவாக ஓட்டுகிறார்?

முன்னால் ஓர் உருளை, பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள் உள்ள ரோலரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் எடை 8 முதல் 10 டன். இரண்டு பெரிய யானைகளின் எடை!

இந்த எடையை மணிக்கு 5 கிலோ மீட்டருக்குமேல் ஓட்டக் கூடாது என்பது விதி. அதாவது, ஒருவர் நடந்துபோகும் வேகம். அதற்குமேல் ஓட்டினால் சூடான கலவை சக்கரத்துக்கு முன்னால் தள்ளப்படும். சாலை அலை அலையாகிவிடும்.

இன்னும் பல விதிகள் உண்டு.

சாலையின் நடுவில் தொடங்கக் கூடாது. தாழ்வாக உள்ள ஓரத்தில் தொடங்கி, மேடான நடுப்பகுதிக்கு வரவேண்டும். ஓரம் முதலில் இறுகினால்தான் கலவை சரியாமல் நிற்கும். ஒவ்வொரு முறை போகும்போதும், முன்பு போன தடத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தே மிதிக்க வேண்டும். கையகலம்கூட விட்டுப்போகக் கூடாது.

சூடான கலவைமீது சட்டென்று திருப்பக் கூடாது, தழும்பு விழும். அங்கே ரோலரை நிறுத்தி வைக்கவும் கூடாது, பள்ளம் விழும். சக்கரத்தில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்குப் பதிலாக டீசல் தடவினால் வந்தது வினை. டீசல் தாரையே கரைத்துவிடும்!

இத்தனையும் டிரைவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது.

பள்ளம் எப்படி வருகிறது?

இதில் கொஞ்சம் தவறினால் என்ன ஆகிவிடும்?

நன்றாக இறுகாத சாலைக்குள் காற்று தங்கும். 100 பங்கில் சுமார் 8 பங்குக்குமேல் காற்று இருந்தால், சிறு சிறு துளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். மழைத் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். உள்ளே போன தண்ணீர், ஜல்லியைத் தாரிலிருந்து பிரிக்கும். மேலே லாரி ஓட ஓட, ஒரு கல் பெயரும். பிறகு பத்துக் கல் பெயரும். ஒருநாள் அங்கே குழி இருக்கும்.

மழை பெய்தால் குழியில் தண்ணீர் தேங்கும். குழி இருப்பதே தெரியாது. மனைவியையும் குழந்தையையும் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு, அது எமன்!

இது வெறும் பேச்சு அல்ல. 2013 முதல் 2017 வரை, ஐந்து ஆண்டுகளில், சாலைக் குழிகளால் நம் நாட்டில் 14,926 பேர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கணக்கைச் சொல்லி, மிகுந்த வேதனை தெரிவித்தது.

எல்லாக் குழிக்கும் ரோலர் காரணம் அல்ல. வடிகால் இல்லாமை, அளவுக்குமேல் பாரம் ஏற்றுவது, தோண்டிய இடத்தைச் சரியாக மூடாதது என்று காரணங்கள் பல. ஆனால், அந்த டிரைவர் விதிப்படி ஓட்டினால் ஒரு காரணம் குறைகிறது. அவர் மெதுவாகப் போகிற ஒவ்வொரு நடையும் ஓர் உயிரைக் காக்கலாம்.

மாடு இழுத்த உருளை

பழைய காலத்தில் கல் உருளையை மாடுகள் இழுத்தன, மனிதர்களும் இழுத்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த மக் ஆடம், 1816-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் பொறுப்பை ஏற்றார். உடைத்த சிறு கற்களைப் பரப்பிச் சாலை போடும் முறையைப் பரப்பியவர் அவர். அவருடைய சாலைகளை இறுக்கியது வண்டிச் சக்கரங்கள்தான்!

1860-களில் நீராவி ரோலர் வந்தது. பிறகு டீசல் ரோலர் வந்தது. இப்போது, அதிர்ந்து அதிர்ந்து கலவையை இறுக்கும் ரோலரும் இருக்கிறது. எந்திரம் எவ்வளவோ மாறிவிட்டது. சூடு ஆறுவதற்குள் மெதுவாக ஓட்டவேண்டிய வேலை மட்டும் மாறவில்லை.

அவருக்கும் ஆபத்து

இந்த வேலை சுகமான வேலையும் அல்ல. மழையில் தார் போட முடியாது. எனவே, கொளுத்தும் வெயில் காலத்தில்தான் வேலை அதிகம். மேலே வெயில், கீழே தார்ச் சூடு, பக்கத்தில் எந்திரச் சூடு. எந்திரத்தின் அதிர்ச்சி ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஏறினால், இடுப்பு வலி நிரந்தர விருந்தாளி ஆகிவிடும்.

சாலை ஓரத்தில் மண் இளகி இருந்தால் ரோலர் கவிழலாம். பின்னால் வரும்போது, சக்கரத்துக்கு அருகே குனிந்து வேலை செய்யும் தொழிலாளி அவர் கண்ணில் படாமல் போகலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பக்கத்தில் பறக்கும் வண்டிகள். தடுப்பை இடித்துக்கொண்டு ஒரு லாரி வந்தால், கொடி பிடித்து நிற்பவர் எங்கே ஓடுவார்?

அவர்களுக்கும் வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

சாலையில் சிவப்புக் கொடியோ விளக்கோ தெரிந்தால், உடனே வேகத்தைக் குறையுங்கள். ஆரன் அடித்து அவசரப்படுத்தாதீர்கள். நீங்கள் அவசரப்படுத்தினால் அவர் வேகமாக ஓட்டுவார். அந்தச் சாலையில் நாளை போகப்போகிறவர்கள் நீங்கள்தான்!

தடுப்பை எடுக்கும்வரை புதுத் தார்மீது வண்டியை ஏற்றாதீர்கள். ஆறாத தாரில் சக்கரம் பதிந்தால், பட்ட பாடு வீண். ரோலரை வேடிக்கை பார்க்கக் குழந்தைகளுக்கு ஆசை இருக்கும். தூரத்தில் நிறுத்திக் காட்டுங்கள். ரோலருக்குப் பின்னால் போகவிடாதீர்கள்.

பொழுது விடிகிறது. தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். முதல் பஸ் புதுச் சாலையில் போகிறது. குலுக்கல் இல்லை. தாயின் மடியில் படுத்த குழந்தை, தூக்கம் கலையாமல் போகிறது.

ரோலர் ஓரமாக நிற்கிறது. டிரைவர் கீழே இறங்கி, முகம் கழுவி, ஒரு டீ வாங்கிக் குடிக்கிறார். இனிமேல்தான் அவருக்குத் தூக்கம்.