தலைக்காயம் ஆறிய பிறகு

ஒரு பச்சை முட்டையை எடுத்துத் தட்டில் வைத்துப் பம்பரம்போல் சுழற்றி விடுங்கள். சுழலும்போதே விரல் நுனியால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். நின்ற முட்டை மறுபடியும் மெல்லச் சுழலத் தொடங்கும்! ஓடு நின்றது, உள்ளே இருந்த கரு நிற்கவில்லை. (அவித்த முட்டையில் இது நடக்காது. அதையும் செய்து பாருங்கள், பிறகு சாப்பிட்டுவிடலாம்.)

நம் தலையும் ஏறத்தாழ ஒரு பச்சை முட்டைதான். மூளையின் எடை சுமார் 1,400 கிராம். மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் அது மிதப்பதால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அதன் பாரம் சுமார் 50 கிராமாகக் குறைந்துவிடுகிறது. ஓடுவதற்கும் குதிப்பதற்கும் இந்த ஏற்பாடு போதும். சாலை விபத்துக்குப் போதாது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் அதுவே. தலை சட்டென்று நிற்கும்போது மூளை நிற்பதில்லை. நெற்றிப் பக்கத்து எலும்பில் போய் மோதுகிறது. தலை திருகினாலோ, நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் மெத்தை நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் தருகிறது. நேரம் கூடினால் விசை குறையும் என்பது உங்கள் பாடத்தில் உள்ளதே.

இந்தச் சோதனையை நான் வகுப்பில் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது வேறோர் இடத்தில்.

என் மாணவன் ஒருவனின் அண்ணன், பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். சில வாரங்கள் கழித்து நடந்தே வீடு திரும்பினான். தையல் ஆறிவிட்டது. உறவினர்கள் பழமும் ஹார்லிக்சும் வாங்கிவந்து, முருகன் காப்பாற்றினான் என்று மகிழ்ந்து சென்றார்கள். பிறகுதான் தொல்லை தொடங்கிற்று. சாதுவாக இருந்தவன் சாப்பாட்டுத் தட்டை வீசினான். கேட்டதையே ஐந்து முறை கேட்டான். காலை பத்து மணிக்கே சோர்ந்து படுத்தான். தெருவில் ஒலிபெருக்கி பாடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். தாய் கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். தந்தை சோம்பல் என்று திட்டினார். நானும், "கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்று அவரிடம் சொன்னவன்தான். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் அந்தத் தாய் மருத்துவமனைச் சீட்டை என்னிடம் நீட்டி, "மண்டைக்குள்ள என்னதான் ஆச்சுங்க சார்? யாரும் சொல்லலீங்களே" என்று கேட்டார். அதில் இருந்தவை ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். எனக்கே பாதி புரியவில்லை.

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிதான் கோபத்துக்குக் கடிவாளம். திட்டமிடுவதும் அதன் வேலை. 1848-இல் அமெரிக்காவில் இருப்புப்பாதை வேலையில் இருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் அந்தப் பகுதியை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள்.

அதே நாட்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெஃப்ரி குரூட்சர், இத்தகைய குடும்பங்களுக்கு என்ன தேவை என்று அறிய 40 தேவைகள் அடங்கிய வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். பணம், ஓய்வு, ஆறுதல், பேச ஓர் ஆள் என்று பலவும் அதில் உண்டு. பல நாடுகளில் அதைக் கொண்டு கேட்டுப் பார்த்தார்கள். முன்வரிசையில் வந்து நின்றது, பழனித் தாய் கேட்ட அதே கேள்வி: நோயாளியின் நிலை பற்றிய நேர்மையான, புரியும்படியான தகவல்.

மற்றத் தேவைகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. சம்பளத்துக்குப் பராமரிப்பாளர் கிடைக்கும் நாட்டில் கவலை ஒரு மாதிரி. நம் ஊரில் முதல் மாதம் பத்துக் கைகள் இருக்கும். ஆறாம் மாதம் தாயின் இரண்டு கைகள்தான். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. உயிர் காக்கும் நல்ல திட்டம்தான். குடும்பத்தின் கணக்கோ ஆண்டுகளில் ஓடுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் அதில் தனித் தலைப்பாக இல்லை. கை முடங்கியதா, அறிவுத்திறன் குன்றியதா என்று விளைவைக் காட்டித்தான் சான்று பெற வேண்டும். கோபத்தையும் மறதியையும் எந்தச் சன்னலில் காட்டுவது?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். உயிர் பிழைத்த பிறகு வீட்டில் வாழப் பழகுவதும் சிகிச்சையே என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த வீட்டில் நான் முட்டையைத் தட்டில் சுழற்றிக் காட்டினேன். தந்தை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் போனபோது, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தம்பி பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான்: 7 மணி பல் தேய்க்கவும். 8 மணி மாத்திரை. 10 மணி படுக்கலாம், அப்பா திட்டமாட்டார்.