எரிமலை மேல் கட்டுச்சோறு

மணிலாவுக்குப் பக்கத்தில், மலைமுகட்டில் ஒரு மலிவான பூங்கா. எதிரே ஏரி, ஏரி நடுவே நெருப்பு

விடுமுறை நாளின் காலையில் தகாய்தாய் நகரின் ‘பிக்னிக் குரோவ்’ வாசலில் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்தால் ஆடிப்பெருக்குக் கூட்டம் நினைவுக்கு வரும். கையில் சோற்றுப் பாத்திரம், தோளில் ஐஸ் பெட்டி, அக்குளில் சுருட்டிய பாய், கூடவே பாட்டி.

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில், 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். தகலோக் மொழியில் தகாய்தாய் என்றாலே மலைமுகடுதான். (காட்டுப் பன்றியிடம் மாட்டிக்கொண்ட அப்பா-மகன் கதை ஒன்றையும் பெயருக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். தலபுராணம் இல்லாத ஊர் ஏது?) பூங்காவை நடத்துவது நகர நிர்வாகம். நுழைவுக் கட்டணம் பல ஆண்டுகளாக 50 பெசோ அளவில்தான் இருந்து வந்திருக்கிறது; நம் பணத்தில் நூறு ரூபாய்க்குள். கூரை போட்ட மேசைக்குத் தனி வாடகை. புல்லில் பாய் விரித்தால் அதுவும் மிச்சம். குதிரைச் சவாரி, கம்பியில் தொங்கியபடி பள்ளத்தாக்கைக் கடக்கும் ஜிப்லைன் போன்ற ஆசைகள் இருந்தால் மட்டும் பணப்பையைத் தாராளமாகத் திறக்க வேண்டும்.

வேலிக்கு அப்பால் மலை சடாரென்று சரிகிறது. கீழே 230 சதுர கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கும் தால் ஏரி. நடுவில் தீவு. தீவின் ஓரத்தில் அழகான கூம்புக் குன்று. இதை முதுகுக்குப் பின்னால் நிறுத்தித்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், இதுவே எரிமலை என்ற நம்பிக்கையில். உண்மையில் இது பக்கக் கூம்பு மட்டுமே. பெயர் பினின்டியாங் மலாக்கி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு வாய் திறக்காத சாது. ஆபத்தான வாய் அதற்குப் பின்னால், படத்துக்கு லாயக்கில்லாத தாழ்வான தோற்றத்தில் கிடக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம்: பழங்கால வெடிப்புகளில் மலை உள்வாங்கி விழுந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்ததுதான் இந்த ஏரி. நீங்கள் சோறு பிசையும் முகடு அந்தப் பள்ளத்தின் வடக்கு விளிம்பு. எரிமலைக்கு எதிரே அல்ல, எரிமலை மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதன் கோபத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1754இல் மாதக்கணக்கில் குமுறியது. கடலோடு இருந்த தொடர்பு அடைபட, ஏரி மெல்ல நன்னீரானது. உள்ளே சிக்கிய மத்தி மீன் இனமும் நன்னீருக்குப் பழகிவிட்டது. ‘தவிலிஸ்’ எனப்படும் இதுதான் உலகில் நன்னீரிலேயே வாழும் ஒரே மத்தி. மொறுமொறுவென்று பொரித்துத் தருகிறார்கள். ஆனால் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்ந்துவிட்டது என்பதால் நாக்கும் மனசாட்சியும் பேசி முடிவெடுத்துக் கொள்ளட்டும். 1911 வெடிப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்தனர். 1977க்குப் பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் பெரிய சத்தம் இல்லை.

2020 ஜனவரி 12 அன்று எழுந்த சாம்பல் தூணால் மணிலா விமான நிலையமே மூடப்பட்டது. தகாய்தாய் சாம்பலில் குளித்தது. அதிகம் இழந்தவர்கள் தீவுவாசிகள். நிரந்தர அபாயப் பகுதி என்று அரசு அறிவித்திருந்தும் ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்தனர். தலிசாய் கரையிலிருந்து படகில் வரும் பயணிகளைக் குதிரையில் ஏற்றி எரிமலைவாய் வரை கூட்டிப்போவது பலருக்குப் பிழைப்பு. தப்பித்துக் கரையேறியவர்களில் சிலர், எச்சரிக்கையையும் மீறிக் குதிரைகளை மீட்க மறுபடி படகேறினார்கள். ஏராளமான குதிரைகள் ஏற்கெனவே மடிந்திருந்தன. அதன் பிறகு தீவில் குடியிருக்க அனுமதி இல்லை. முகட்டிலோ அதே வாரத்தில் சில உணவகங்கள் கடை திறந்துவிட்டன; வெடிப்பை வேடிக்கை பார்க்கக் கூட்டமும் வந்தது. மூடச் சொல்லி அதிகாரிகள் உத்தரவிட வேண்டியதாயிற்று. பேராசை என்று இதைத் திட்டுவது சுலபம். ஆனால் வார விடுமுறைக் கூட்டத்தை நம்பியே அடுப்பு எரியும் ஊர் இது.

2025 ஜூனில் இந்தியர்களுக்கு 14 நாள் விசா இல்லாத அனுமதியை பிலிப்பைன்ஸ் தொடங்கியது. புறப்படுமுன் நடப்பு விதியைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மணிலாவின் தென்பகுதியில் உள்ள பரனாக்கே பேருந்து முனையத்திலிருந்து பேருந்து, பிறகு ஜீப்னி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ச்சியும் தெளிவான வானமும் கிடைக்க வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் மேகம் ஏரியையே விழுங்கிவிடும். எரிமலை ஆய்வு நிறுவனமான ‘பிவோல்க்ஸ்’ 0 முதல் 5 வரை அறிவிக்கும் எச்சரிக்கை நிலையை அன்று காலையே பாருங்கள். கந்தகப் புகைமூட்டத்துக்காக 2023 செப்டம்பரில் சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூடியிருக்கிறார்கள், ஆஸ்துமாக்காரர்கள் உஷார்.

ஊரின் புகழ்பெற்ற உணவு ‘புலாலோ’, மாட்டெலும்பு மஜ்ஜைச் சாறு. சைவர்களுக்குச் சாலையோர அன்னாசிதான் ஆறுதல். மணிலாவிலேயே ஒரு டப்பா தயிர்சாதம் கட்டிக்கொள்வது உத்தமம்.