நெல் வயலுக்குத் தழையெருவும் இரசாயன உரமும்

காவிரிப் பாசன நிலங்களில் தழையும் தொழுவெருவுமே நெடுங்காலம் நெற்பயிரை வளர்த்து வந்தன. இரசாயன உரங்கள் வந்தபின், மூட்டையைப் பிரித்துத் தூவுவது சுலபமென்று கருதித் தழையெருவைக் கைவிட்ட குடியானவர் பலர். பயிர் கரும்பச்சையாய்த் தழைப்பது கண்ணுக்கு இனிதே. ஆயினும் யூரியாவை மட்டும் மிகுதியாக இட்ட பயிர் எளிதிற் சாய்வதுடன், இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் இரையாகிறது.

தழை ஒன்றே போதுமென்பதும் பொருந்தாது. அது மட்கி மெள்ளவே சத்தைக் கொடுக்கும்; தூர் கட்டும் தருணத்திலும் கதிர் உருவாகும் தருணத்திலும் பயிரின் தேவை அதிகம். ஆகவே தழை அடியுரமாகவும் யூரியா மேலுரமாகவும் அமைதல் நலம்.

சம்பா நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில், பூக்குந் தருணத்தில் மடக்கி உழவேண்டும். 4,000 கிலோ பசுந்தழையில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ள சத்தும் அவ்வளவே. ஆதலின் தழையிட்ட வயலுக்கு யூரியாவைக் குறைத்துக் கொள்ளலாம். மணிச்சத்துக்கு ஸூப்பர் பாஸ்பேட்டைக் கடைசி உழவில் இடுக.

யூரியாவை ஒரே தடவையில் இடலாகாது. தேங்கிய நீரில் தூவினால் ஒரு பகுதி ஆவியாய்க் காற்றிற் கலந்து வீணாகும். களையெடுத்து, நீரை வடித்து, இரண்டு மூன்று தவணைகளாக இடுவதே முறை.

ஐயமுள்ளோர் முதலில் கால் ஏக்கரில் இம்முறையைக் கையாண்டு, அடுத்த கால் ஏக்கரில் வழக்கம்போற் பயிரிட்டு, இரண்டின் செலவையும் களத்து நெல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். கிராம அதிகாரிகளும் பூண்டு விதை காலத்தே கிடைக்க உதவுவார்களாயின் பேருபகாரமாகும்.