முக்கால் மணியும் விடைபெறும் சொல்லும்



பிற மாநிலத்தில் குடியேறும் தமிழருக்கு, அங்கே மொழியும் உணவும் வேறாயிருக்கும் என்பது புறப்படுமுன்பே தெரியும். அவற்றிற்கு ஆயத்தமாகவே அவர் வருகிறார். அவரைத் தடுமாறச் செய்வன, எவரும் எடுத்துச் சொல்லாத சிறு வேற்றுமைகளே.

நான் தில்லியில் குடியேறிய முதலாண்டில், எங்களுக்குப் பல உதவிகள் புரிந்த அடுத்த வீட்டுப் பெரியவர் தம் சொந்த ஊருக்கே திரும்பிச் செல்லவிருந்தார். மாலை ‘பௌனே பாஞ்ச்’ மணிக்குப் புறப்படுவதாகக் கூறினார். ‘பௌன்’ என்றால் முக்கால், ‘பாஞ்ச்’ என்றால் ஐந்து என்று கற்றிருந்த நான், இரண்டையும் கூட்டி ஐந்தே முக்காலுக்குச் சென்றேன். வீடு பூட்டியிருந்தது. அவர் குறித்தது நாலே முக்கால் மணி!

பிழை என் செவியில் இல்லை, கணக்கில் இருந்தது. நாம் முடிந்த மணியோடு முக்காலைக் கூட்டுகிறோம். இந்தி பேசுவோர் வரவிருக்கும் மணியிலிருந்து காலைக் கழிக்கின்றனர். ஆனால், ‘ஸவா பாஞ்ச்’ என்பது ஐந்தேகால். ‘ஸாடே பாஞ்ச்’ என்பது ஐந்தரை. இவ்விரண்டும் நம் வழக்கம்போலக் கூட்டுவனவே. ஆதலால்தான் ‘பௌனே’ நம்மை ஏமாற்றிவிடுகிறது. கடையில் நிறை சொல்லும்போதும் இம்முறையே வழங்குகிறது.

‘கல்’ என்னும் சொல்லோ நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். இறுதியில் வரும் வினையே காலத்தைத் தெளிவாக்கும். எனவே, வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து விடையளிப்பது நலம்.

கொல்கத்தாவில் நீரையும் தேநீரையும் உண்பதாகவே பேசுவர். கேட்கும் நமக்கு நகைப்பு எழலாம். ஆனால், வீட்டிற்கு வந்தவரிடம் “காப்பி சாப்பிடுங்கள்” என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

வேற்றுமைகளைத் தேடிச் செல்பவர் ஒற்றுமையையும் காண்பார். நம் வீடுகளில் விடைபெறுவோர் வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பர். வங்காளியரும் அவ்வேளையில் ‘ஆஷி’, அதாவது ‘வருகிறேன்’ என்றே கூறுவர். மராத்தி பேசும் ஆடவர் ‘யேதோ’ என்பர். பெண்டிர் ‘யேதே’ என்பர். பொருள் ஒன்றே.

அன்று பூட்டிய கதவின் முன் நின்ற எனக்கு, பெரியவர் வாயிலிருந்து அத்தகைய ஒரு சொல்லைக் கேட்கும் பேறு கிட்டவில்லை. ஆகவே, புதிதாகக் குடியேறியிருப்போருக்கு ஒன்று கூறுவேன்: ஐயம் எழுந்தால், கடிகாரத்தைக் காட்டியேனும் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். கேட்பதில் இழிவு ஏதுமில்லை. கேளாதிருப்பதால் நேரும் இழப்போ சில வேளைகளில் ஈடுசெய்ய இயலாதது.