திருட்டு கேசட் முதல் திருட்டு ‘லிங்க்’ வரை!

பர்மா பஜாரில் இருந்து செல்போனுக்குக் குடிபோன களவு வியாபாரம்

சென்னை,

“அண்ணே, புதுசு ஏதாச்சும் வந்திருக்கா?”

ராஜாஜி சாலையில், கடற்கரை ரெயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரில் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டால் போதும். கடைக்காரர் இரண்டு பக்கமும் ஒரு நோட்டம் விடுவார். பலகைக்கு அடியில் இருந்து ஒரு உறை வெளியே வரும். பேரம் முடிந்துவிடும்.

இப்போது அந்தச் சிரமம் இல்லை. “மச்சி, லிங்க் இருக்கா?” என்று செல்போனில் ஒரு வரி. அடுத்த நிமிடம் ஒரு தொடரின் எட்டு பாகமும் கைக்கு வந்துவிடுகிறது. பைசா செலவு கிடையாது!

சினிமாப் படம் திருட்டுப்போவது நகரத்துக்குப் பழகிப்போன சேதி. டெலிவிஷன் தொடர்களும், ‘வெப் சீரிஸ்’ என்று சொல்லப்படும் இணையத் தொடர்களும் அதே வழியில் களவு போகின்றன. இதைப் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை. காரணம், இங்கே தியேட்டர் வாசலில் கூட்டம் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

டெக் வந்த கதை

சென்னை டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். திருடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கலர் டெலிவிஷன் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வீடியோ டெக்கும் வந்தது. டெக்கையும் கேசட்டையும் நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூணு படம் பார்த்துவிட்டுக் கண் சிவக்க வேலைக்குப் போனவர்கள் நகரில் ஏராளம். வெளியூர் பஸ்சில்கூட படம் ஓடியது.

தியேட்டர்காரர்கள் அலறினார்கள். 1984-ல் மத்திய அரசு காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியது. வீடியோ படங்களும் அதற்குள் வந்தன. திருட்டுப் பிரதி விற்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில். ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். அதே 1984-ல் தமிழக அரசும் டெக்கில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் போட்டது.

கேசட் போய் வி.சி.டி. வந்தது. ஒரு உறை, ஒரு தட்டு. சட்டைப்பைக்குள் போய்விடும்! வியாபாரம் பிளாட்பாரத்துக்கு இறங்கியது.

குண்டர் சட்டம்

2004-ல் தமிழக அரசு ஒரு அதிரடி செய்தது. குண்டர் தடுப்புச் சட்டத்தில் ‘வீடியோ திருடர்’களையும் சேர்த்தது. கள்ளச்சாராயம் விற்பவர், ரவுடி, குடிசை நிலம் அபகரிப்பவர் ஆகியோரோடு ஒரே வரிசை. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டத்தின் கைக்கு எட்டியது பிளாட்பாரத்தில் தட்டு விற்றவர்தான். கூடையோடு பிடித்தார்கள். அடுத்து வந்த ஆளுக்குக் கூடையும் இல்லை, கடையும் இல்லை. எந்த ஊரில் உட்கார்ந்து தளம் நடத்துகிறான் என்பதே தெரியாது. கையில் இருந்த பெரிய சட்டம் அவனிடம் பலிக்கவில்லை.

‘தமிழ்ராக்கர்ஸ்’ என்ற பெயர் அப்படித்தான் வீட்டுக்கு வீடு தெரிந்தது. 2018-ல் கேரள போலீசார் சிலரைக் கைது செய்தார்கள். 2020-ல் அந்தத் தளம் ஓய்ந்தது. ஆனால் அந்தப் பெயரையே திருடிக்கொண்டு வேறு தளங்கள் முளைத்தன. திருடனிடமே திருட்டு! 2022-ல் அந்தப் பெயரை வைத்து ஏவி.எம். நிறுவனம் அருண் விஜய் நடிப்பில் ஒரு இணையத் தொடரே எடுத்துவிட்டது.

கோர்ட்டு போட்ட பூட்டு

2012-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு. தனுஷ் நடித்த ‘3’ படத்தை இணையத்தில் யாரும் திருட்டுத்தனமாக வெளியிடக் கூடாது என்று தடை வாங்கினார்கள். யார் திருடுவான் என்று முன்கூட்டியே தெரியாதே! அதனால் பெயர் தெரியாத ஆட்கள் பேரில் தடை. இன்டர்நெட் கம்பெனிகள் என்ன செய்தன? ஒரு பக்கத்தை மூடுவதற்குப் பதிலாகக் கடையையே மூடிவிட்டன. ‘விமியோ’, ‘டெய்லிமோஷன்’ போன்ற நல்ல தளங்களும் அந்த மே மாதம் முடங்கின. சொந்தக் குறும்படத்தைப் போட்டு வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ‘அனானிமஸ்’ என்ற கும்பல் அரசு இணையதளங்களைத் தாக்கிக் கலாட்டா செய்தது. “திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் மூடினால் போதும்” என்று ஐகோர்ட்டு ஜூன் மாதம் தெளிவுபடுத்திய பிறகுதான் நிலைமை சரியானது.

பார்த்தாலே ஜெயிலா?

2016-ல் இன்னொரு பீதி. முடக்கப்பட்ட தளத்துக்குப் போனவர்களின் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. பார்த்தாலே 3 ஆண்டு ஜெயில், ரூ.3 லட்சம் அபராதம் என்று! பலர் நடுங்கிப்போனார்கள். மும்பை ஐகோர்ட்டு அதைத் திருத்தியது. வெறுமனே பார்ப்பது குற்றம் அல்ல. பரப்புவதும், நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதும், விற்பதும்தான் குற்றம் என்றது.

வாட்ஸ்அப் குரூப்பில் ‘லிங்க்’ அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்கிப் பார்ப்பது வேறு. நூறு பேருக்குத் தள்ளிவிடுவது வேறு.

2023-ல் வந்த சினிமா சட்டத் திருத்தம் இன்னும் கடுமை. தியேட்டரில் செல்போனில் படம் பிடித்தால் குறைந்தது 3 மாதம் ஜெயில், ரூ.3 லட்சம் அபராதம். அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில். அபராதமோ படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும்!

ஐந்து தொடர், ஐந்து கடை

சரி, காசு கொடுத்தே பார்ப்போம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் தலைவலி.

‘சுழல்’ பார்க்க அமேசான். ‘நவரசா’வுக்கு நெட்பிளிக்ஸ். விமல் நடித்த ‘விலங்கு’ ஜீ5-ல். ‘தமிழ்ராக்கர்ஸ்’ தொடர் சோனி லிவ்-வில். சன் டி.வி. சீரியலை விட்ட இடத்தில் இருந்து பார்க்க சன் நெக்ஸ்ட். மளிகைக்கு ஒரு கடை, காய்கறிக்கு ஒரு கடை என்றால் பரவாயில்லை. பருப்புக்கு ஒன்று, புளிக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று என்றால் எந்த இல்லத்தரசி தாங்குவாள்? ஒவ்வொரு கடைக்கும் தனிச் சந்தா. திருட்டுத் தளத்துக்கு ஆள் சேர்த்துவிடுவதில் இந்தக் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு.

விலை இறங்கினால் ஜனங்கள் வருவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் தன் செல்போன் சந்தாவை ரூ.199-ல் இருந்து ரூ.149 ஆக்கியது. அதற்கு அடுத்த சந்தா ரூ.499-ல் இருந்து ரூ.199 ஆனது. பாதிக்கும் கீழே!

காசே வேண்டாம் என்பவர்களுக்கும் நேர்வழி இருக்கிறது. டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியில் பழைய தூர்தர்ஷன் தொடர்கள் கிடைக்கின்றன. யூடியூபில் உரிமைக்காரர்களே போட்டுவைத்திருக்கும் படங்களும் சீரியல்களும் மலைபோல் கிடக்கின்றன. நடுவில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். செல்போன் ரீசார்ஜோடு சேர்ந்து வரும் சந்தாவைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

யார் வயிற்றில் அடி?

“பெரிய நடிகருக்குக் கோடி கோடியா கொடுக்கிறாங்க, நம்ம நூத்தம்பது ரூபாய்ல என்ன ஆகப்போகுது?” நகரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

‘நவரசா’ கதையை இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனாவில் படப்பிடிப்பு நின்றது. லைட் தூக்குபவர், செட் போடுபவர், சமையல்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மணிரத்னமும் ஜெயேந்திராவும் முன்னின்று 9 கதைகளைத் தயாரித்தார்கள். நடிகர்களும் டைரக்டர்களும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். அதில் கிடைத்த பணத்தில் இருந்து பெப்சி தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு உதவி போனது. 2021 ஆகஸ்டில் அது வெளியானது.

போலி செயலி

திருட்டுத் தளக்காரன் தர்மத்துக்குக் கடை நடத்தவில்லை. சூதாட்ட விளம்பரமும் ஆபாச விளம்பரமும்தான் அவனுக்கு வருமானம். சில இடங்களில் “படம் பார்க்க இந்த ஆப்பை இறக்குங்கள்” என்று வரும். இறக்கினால் செல்போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. எண் அவன் கைக்குப் போய்விடும்.

அப்படிப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.