எண்களாகும் நிலம் – 11: எந்த மண்டலத்து எண் இது?

நிலத் தரவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பது உள்ளீட்டுப் பெட்டி. கோப்பு எங்கே, என்ன வகை, எழுத்துக் குறியீடு எது, ஆயத்தொலைவு முறை எது என்று கேட்கும். பலர் இங்கே நிற்பதே இல்லை. கோப்பைக் காட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டு, வெளியீட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். மாற்றத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தப் பெட்டியில்தான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்த வாரம் இதைத் தாண்டிப் போகப்போவதில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோவிலை எடுத்துக்கொள்வோம். அட்சரேகை 9.92, தீர்க்கரேகை 78.12. ஒரு சிஎஸ்வி கோப்பில் இவை அடுத்தடுத்த இரண்டு எண்கள், அவ்வளவுதான். எது எக்ஸ், எது ஒய் என்று உள்ளீட்டுப் பெட்டியில் மாற்றிச் சொல்லிவிட்டால், கோவில் ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் விழும். வரிசையைச் சரியாகச் சொல்லி, அலகைத் தவறவிட்டால்? வலை வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், டிகிரி எண்கள் மீட்டராகப் படிக்கப்படும். பூமத்தியரேகையும் கிரீன்விச் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து கிழக்கே 78 மீட்டர், வடக்கே 10 மீட்டர். அது ஆப்பிரிக்காவின் கினி வளைகுடா.

இத்தகைய எண்களை ஈபிஎஸ்ஜி எண்கள் என்பார்கள். ஐரோப்பிய எண்ணெய் நிறுவனங்களின் நில அளவையாளர்கள் தங்களுக்குள் குழப்பம் வராமலிருக்கத் தொகுக்கத் தொடங்கிய பட்டியல், இன்று உலகமே புழங்கும் பட்டியல். ஜிபிஎஸ் தரும் டபிள்யூஜிஎஸ்84 முறைக்கு எண் 4326. அதன் வரையறைப்படி அட்சரேகைதான் முதலில் வர வேண்டும். ஜியோஜேசன் வடிவமோ தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. ஆகவே '4326' என்று மட்டும் எழுதி அனுப்புவது போதாது. எந்த எண் முதலில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஆயத்தொலைவு முறையைத் தொடும் செயல்கள் இரண்டு. 'இந்த எண்கள் இன்ன முறையில் எழுதப்பட்டவை' என்று அறிவிப்பது ஒன்று. அந்த முறையிலிருந்து வேறொரு முறைக்குக் கணக்கிட்டு மாற்றுவது மற்றொன்று. அறிவிப்பதால் ஓர் எண் கூட மாறாது. மாற்றினால் எல்லா எண்களும் மாறும். விலைச்சீட்டில் ரூபாயை அடித்து டாலர் என்று எழுதுவதற்கும், வங்கியில் ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. எஃப்எம்இ மென்பொருளில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள்: கோஆர்டினேட் சிஸ்டம் செட்டர், ரீப்ரொஜெக்டர். ஓஜிஆர்2ஓஜிஆர் கட்டளையில் 'ஏ_எஸ்ஆர்எஸ்' வெறும் முத்திரை குத்தும். 'டி_எஸ்ஆர்எஸ்' கொடுத்தால்தான் கணக்கு நடக்கும். கியூஜிஐஎஸ்ஸில் அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி தெரிந்தால், அறிவிப்பே இல்லை என்று பொருள். அந்தக் கேள்விக்குறியைப் போக்குவதற்காகக் கைக்கு வந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்த கோப்பு, அந்த நொடியிலிருந்து பொய் சொல்லத் தொடங்குகிறது. மென்பொருளால் அதைச் சோதிக்க முடியாது. நாம் அறிவித்ததை நம்பித்தான் மற்ற எல்லாக் கணக்கையும் போடும்.

தமிழ்நாட்டுத் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யுடிஎம் முறை உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாக வெட்டுகிறது. 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குவது 78 டிகிரி தீர்க்கரேகையில். அந்தக் கோடு நம் மாநிலத்தின் நடுவே ஓடுகிறது. திண்டுக்கல் நகரம் 43இல், மதுரை 44இல். ஒவ்வொரு மண்டலமும் கிழக்குத் தூரத்தைத் தனியே எண்ணுவதால், ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள இந்த இரண்டு ஊர்களில் திண்டுக்கல்லின் கிழக்கு எண் ஏறத்தாழ 826 கிலோமீட்டர், மதுரையின் கிழக்கு எண் ஏறத்தாழ 184 கிலோமீட்டர். இரு மாவட்டக் கோப்புகளையும் ஒன்றாக இணைத்து 43 என்று அறிவித்துவிட்டால், மதுரை லட்சத்தீவுக் கடலில், கவரத்திக்குத் தென்மேற்கே போய் நிற்கும். மாநிலம் முழுவதற்குமான கோப்பு வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் அதனதன் மண்டலத்தில் அறிவித்து, பிறகு பொதுவான ஒரு முறைக்கு மாற்றி, அதற்குப் பிறகே இணைக்க வேண்டும்.

இதே 78 டிகிரியை ஒட்டித்தான், 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட்டும் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை மாபெரும் தீர்க்கரேகை வில்லை அளந்தார்கள். அந்த அளவையின் பயனாகப் பிறந்தது எவரெஸ்ட் நீள்கோளம். இந்திய நிலப்பரப்புக்கு நன்றாகப் பொருந்தும்படி அமைந்த அந்தக் கோளத்தின் மையம் பூமியின் மையத்தோடு ஒன்றாது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ தாள்கள் இந்த அடிப்படையில் வரையப்பட்டவை. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த திறந்த வரிசைத் தாள்களோ டபிள்யூஜிஎஸ்84 அடிப்படையிலானவை.

மதுரை கடலில் விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியும்; உடனே திருத்திவிடுவார்கள். எவரெஸ்ட் தாளிலிருந்து எடுத்த ஒரு கண்மாயின் எல்லையை டபிள்யூஜிஎஸ்84 என்று அறிவித்தால் விளைவு வேறு. கண்மாய் அதே ஊரில், அதே வடிவத்தில், நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து உட்காரும். திரையில் சரியாகவே தோன்றும். ஆனால் கரை வயலுக்குள் போயிருக்கும்; யாரோ ஒருவரின் பட்டா நிலம் நீர்ப்பிடிப்புக்குள் வந்திருக்கும்; உண்மையான ஆக்கிரமிப்பு எல்லைக்கு வெளியே நிம்மதியாக இருக்கும். அந்தப் படத்தை வைத்து நோட்டீஸ் போனால், அதைக் கையில் வாங்குபவர் உள்ளீட்டுப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

எவரெஸ்ட் என்று தேர்ந்தெடுத்தாலும் முடிந்துவிடாது. பட்டியலில் பல எவரெஸ்ட்டுகள் இருக்கும். 1937 திருத்தத்தில் பூமத்தியரேகை ஆரம் 6377276.345 மீட்டர், 1975 வரையறையில் 6377299.151. அளந்தது அடியில், அதை மீட்டராக மாற்றிய விதம் காலத்துக்குக் காலம் வேறுபட்டதால் வந்த வித்தியாசம் இது. எந்தத் தாள், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைத் தாளின் விளிம்புக் குறிப்பில் பார்த்த பிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளை ஸ்கேன் செய்யும்போது விளிம்பை வெட்டி எறியாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

புலப்படங்கள் வேறு வகை. ஜி லைன் எனப்படும் அளவைக் கோடு, அதிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகள் என்று ஒரு புலத்துக்குள்ளேயே முடிந்துவிடும் கணக்கு அது. பூமியில் எங்கே என்ற தகவல் அதில் இல்லை. டிஎக்ஸ்எஃப் கோப்பாக வந்தால் எந்த ஈபிஎஸ்ஜி எண்ணையும் அறிவிக்காமல், அலகு மீட்டரா, அடியா, லிங்க்கா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். பிறகு களத்தில் கண்டெடுத்த எல்லைக்கற்களை ஜிபிஎஸ்ஸில் அளந்து அவற்றோடு பொருத்துங்கள்.

விளிம்புக் குறிப்பும் இல்லை, தந்தவருக்கும் தெரியாது என்றால், கோப்பின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அடையாளம் தெரிந்த இடங்களைத் தேடுங்கள்: கோவில் கோபுரம், பழைய பாலம், ரயில்வே லெவல் கிராசிங். ஒவ்வொரு முறையாக அறிவித்து, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, விலகலை எழுதிக்கொள்ளுங்கள். எல்லா இடங்களிலும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் விலகினால் டேட்டத்தை, அதாவது எவரெஸ்டா டபிள்யூஜிஎஸ்84ஆ என்ற அடிப்படையை, சந்தேகிக்கலாம். ஒரு மூலையிலிருந்து தள்ளிப் போகப் போக விலகல் வளர்ந்தால் அலகைச் சந்தேகிக்கலாம். கிடைத்த விடையை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதோடும் தேதியோடும் சேர்த்து, கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு உரைக்கோப்பில் எழுதி வையுங்கள்.

உள்ளீட்டுப் பெட்டியில் நாம் இன்னும் தொடாமல் விட்டது எழுத்துக் குறியீடு. ஷேப்ஃபைலின் டிபிஎஃப் பகுதியில் ஒரு நெடுவரிசையின் பெயருக்கு 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். ஊர்ப் பெயர்கள் இதில் சிதையாமல் கரை சேர்வது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.